நோட்டு நிறைகிறது, பாடம் நிற்கவில்லை: குறிப்பெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று எந்தப் பக்கம் போனாலும், பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஐந்து பாடத்துக்கும் தடித்தடியாக நோட்டுகள் இருக்கும். தலைப்புக்குச் சிவப்பு, உட்தலைப்புக்குப் பச்சை, அடிக்கோடு, அழகான கையெழுத்து. காலாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்ததும் வீட்டில் கேட்பார்கள்: "இவ்வளவு எழுதினியே, எல்லாம் எங்கே போச்சு?" பிள்ளையிடம் பதில் இருக்காது. உழைத்தது உண்மைதான். ஆனால் உழைப்பு முழுவதும் எழுதுவதோடு முடிந்துவிட்டது. எழுதியதை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து சொல்லிப் பார்க்கும் வேலை நடக்கவே இல்லை. குறிப்பு எடுப்பதே அந்த வேலைக்காகத்தான். பிள்ளைகள் செய்யும் பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதிலிருந்து தொடங்குகின்றன.

முதல் தவறு, புத்தகத்தையோ கைடையோ பார்த்து வரிக்கு வரி நகல் எடுப்பது. புத்தகம் கையில் இருக்கும்போது அதே வரிகளை இன்னொரு முறை நோட்டில் ஏற்றுவதால் என்ன கிடைக்கும்? கண் பார்க்கிறது, கை எழுதுகிறது, மனம் சும்மா இருக்கிறது. ஹைலைட்டரால் பக்கம் முழுவதும் மஞ்சள் அடிப்பதும் இதே கதைதான். எல்லாம் முக்கியம் என்று கோடு போட்டால், எது முக்கியம் என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று பொருள்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். ஒரு பகுதியைப் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள். நினைவில் இருப்பதைச் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தப்பாக எழுதியதையும் வேறு நிறப் பேனாவில் சேருங்கள். அந்த வேறு நிறம்தான் நீங்கள் திரும்பப் படிக்க வேண்டிய பகுதி. இது மெதுவாகப் போகும், முதல் வாரம் எரிச்சலாகக்கூட இருக்கும். பாதிகூட நினைவு வரவில்லையே என்று மனம் தளரும். அந்தச் சிரமம்தான் பாடத்தை மனதில் தங்க வைக்கிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததை மூடிவிட்டு எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, மாதக்கணக்கில் கழித்து வருகிறது.

அடுத்த தவறு இன்னும் நுட்பமானது. பாடத்தைச் சுருக்கும்போது நிபந்தனையை வெட்டிவிடுகிறார்கள். "நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்" என்று நோட்டில் இருக்கும். புத்தகத்தில் அதற்கு முன்னால் கடல்மட்டக் காற்றழுத்தம் என்ற சொல் இருந்திருக்கும். நீளமாக இருக்கிறது என்று அதை விட்டுவிட்டார்கள். நம் மலைப்பிள்ளைகள் இதை விடவே கூடாது. ஏறக்குறைய 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அடுப்பில் கொதிக்கிறது, ஆனால் சூடு குறைவு. அதனால்தான் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகச் சமவெளியைவிட நேரம் பிடிக்கிறது. குக்கரை மூடினால் உள்ளே அழுத்தம் ஏறி, கொதிநிலையும் ஏறுகிறது. தினமும் வீட்டில் பார்க்கிற விஷயம் இது. நிபந்தனையை வெட்டிய நோட்டு இந்த விளக்கம் முழுவதையும் வெளியே தள்ளிவிடுகிறது.

புவியியலிலும் இதேதான் நடக்கிறது. "தமிழ்நாட்டுக்கு மழை தருவது வடகிழக்குப் பருவமழை" என்று ஒரே வரி. மாநிலத்தின் ஆண்டு மழையில் பாதியை ஒட்டி அதுதான் தருகிறது, சரி. ஆனால் கூடலூர், பந்தலூர் பிள்ளை ஜூலையில் மழை லீவில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த வரியைப் படிக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே கொட்டுவது தென்மேற்குப் பருவமழை. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறி, குளிர்ந்து, அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது அப்படித்தான். மலையைத் தாண்டிக் கிழக்குச் சரிவுக்கு வரும்போது காற்றில் ஈரம் குறைந்திருக்கும். குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபர், நவம்பருக்குக் காத்திருக்க வேண்டும். ஒரே மாவட்டத்தில் இரண்டு பருவமழையின் பாடமும் இருக்கிறது. நோட்டில் "எங்கே, எப்போது, ஏன்" என்ற மூன்றும் இல்லாத மழை வரியை எழுதாதீர்கள்.

கணக்குப் பாடத்துக்கு வருவோம். இங்கே பிள்ளைகள் படும் நஷ்டம்தான் அதிகம். ஆசிரியர் போர்டில் போட்ட கணக்கை அப்படியே எழுதி வைப்பார்கள். பார்த்தால் புரிகிற மாதிரி இருக்கும், தனியாகப் போட்டால் வராது. போட்ட கணக்கைப் படிப்பதும் கணக்குப் போடுவதும் வேறு வேறு வேலை. நோட்டில் விடையைவிட, ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் "ஏன் இப்படிச் செய்தோம்" என்ற காரணம்தான் வேண்டும். ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணின் 5 மடங்குக்குச் சமம், அந்த எண் எது? பலர் இரண்டு பக்கத்தையும் அந்த எண்ணால் வகுத்து 5 என்று முடித்துவிடுவார்கள். பூச்சியமும் விடைதான். தெரியாத எண்ணால் வகுக்கும்போது, அது பூச்சியமாக இருக்கக்கூடும் என்பதை மறந்துவிட்டோம். பூச்சியத்தால் வகுக்க முடியாது. ஆகவே எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்த வேண்டும். இந்தக் காரணம் நோட்டில் இருந்தால், இருபடிச் சமன்பாட்டில் ஒரு மூலத்தை இழக்க மாட்டீர்கள்.

முக்கோணவியலில் இறக்கக்கோணம் இன்னொரு இடறல். தொட்டபெட்டா உச்சியில் நின்று கீழே ஒரு வீட்டைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு நேரே போகும் கிடைமட்டக் கோட்டுக்கும் பார்வைக்கோட்டுக்கும் இடையில் இருப்பதுதான் இறக்கக்கோணம். படத்தில் மலை செங்குத்தாக நிற்பதால், கோணத்தை அந்தச் செங்குத்துக் கோட்டிலிருந்து குறித்துவிடுகிறார்கள். அப்புறம் கணக்கு எவ்வளவு சுத்தமாகப் போட்டாலும் விடை தப்பு. நோட்டில் தப்பான படத்தையும் சரியான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து வையுங்கள். பொதுவாகவே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களைத் தப்பாகப் போன கணக்குகளுக்கு ஒதுக்குங்கள். எங்கே தப்பியது என்று ஒரு வரி போதும். தேர்வுக்கு முந்தைய நாள் அந்தப் பக்கங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வரலாற்றில் ஆண்டுகளை மட்டும் பட்டியலிடுவது பழகிப்போன தவறு. 1799, 1819, 1899, 1908 என்று நான்கு எண்களை மனப்பாடம் செய்தால் இரண்டு நாளில் கலந்துவிடும். கதையாகக் கோத்துப் பாருங்கள். 1799இல் திப்பு வீழ்ந்ததும் கோயம்புத்தூர்ப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போகிறது, அதோடு நீலகிரியும் போகிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தின் கலெக்டரான ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வருகிறார். குளிருக்காக ஆங்கிலேயர் குடியேறுகிறார்கள், ஊட்டி மதராஸ் அரசின் கோடைத் தலைநகராகிறது, தோட்டங்கள் பெருகுகின்றன. ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்க ரயில் தேவைப்படுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல், ஊட்டிக்கு 1908இல் அது வந்து சேர்கிறது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டை இழுத்துக்கொண்டு வருகிறது. சுதந்திரப் போராட்டப் பாடத்தையும் இப்படியே "இதனால் அது" என்று அம்புக்குறி போட்டு எழுதலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயற்பியலில் அலகு இல்லாத எண்ணை எழுதாதீர்கள். நிறை 50 கிலோகிராம் என்றால் எடை ஏறக்குறைய 490 நியூட்டன், இரண்டையும் ஒன்றாக்கினால் அடுத்த பாடம் எல்லாம் குழம்பும். உயிரியலில் படத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுவதை விட்டுவிட்டு, பார்க்காமல் வரைந்து பாகம் குறித்துப் பழகுங்கள். தமிழ் இலக்கணத்தில் விதியை மட்டும் எழுதினால் பயனில்லை. மலை + பாதை = மலைப்பாதை, கல் + பாறை = கற்பாறை, மரம் + வேர் = மரவேர் என்று தோன்றல், திரிதல், கெடுதலுக்குச் சொந்தமாக எடுத்துக்காட்டு தேடுங்கள். ஆங்கிலத்தில் சொல்லுக்குத் தமிழ் அர்த்தம் மட்டும் எழுதி நிறுத்தாமல், அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் அமையுங்கள்.

பாடங்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்திருப்பதும் ஒரு தவறுதான், இதைப் பலரும் தவறாகவே நினைப்பதில்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970இல் கட்டப்பட்ட ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை ஒரு மலைச்சரிவில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சரிவு ஏறக்குறைய 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய 11 டிகிரி. இரண்டும் ஒன்றாக இருப்பதால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. பூமி சுழலச் சுழல, அந்த ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் ரேடியோ அலை வரும் ஒரே இடத்தை மணிக்கணக்கில் தொடரலாம். அதன் குறுக்குவெட்டு வடிவம் பரவளையம், நீங்கள் வரைபடத் தாளில் வரைகிறீர்களே, அதேதான். புவியியல், இயற்பியல், கணக்கு மூன்றும் ஒரே சரிவில் நிற்கின்றன. நோட்டின் ஓரத்தில் "இது அந்தப் பாடத்தில் வந்தது" என்று ஒரு குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தால் இப்படிப்பட்ட இணைப்புகள் கண்ணில் படும்.

போர்டை மொபைலில் படம் பிடித்து வைப்பதும், வாட்ஸ்அப்பில் வரும் நோட்ஸைச் சேமிப்பதும் குறிப்பெடுத்ததாக ஆகாது. படித்துவிட்டோம் என்ற நிம்மதியை மட்டும் அவை கொடுக்கும். இன்னொன்று, எழுதிய நோட்டை அரையாண்டு வரை திறக்காமல் வைப்பது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885லேயே தன் நினைவைத் தானே அளந்து, மறதி முதல் சில மணி நேரத்திலும் நாட்களிலும்தான் வேகமாக நடக்கிறது என்று காட்டினார். ஆகவே எழுதிய மறுநாள் ஒரு தடவை, அந்த வாரக் கடைசியில் ஒரு தடவை, மாதக் கடைசியில் ஒரு தடவை மூடி வைத்துச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் போதும். மழைக்காலத்தில் ஜெல் பேனா மை ஈரத்தில் ஊறிவிடும், நம் ஊருக்குப் பால்பாயிண்ட் பேனாவும் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவரும் நல்லது.

மொழி விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் படுகு பேசும் பிள்ளை, மலையாளம் பேசும் பிள்ளை, பணியர் மொழி பேசும் பிள்ளை எல்லோரும் நோட்டில் புத்தகத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று நினைத்துத் தடுமாறுகிறார்கள். அப்படி அவசியமில்லை. புரிந்துகொள்ளும் முதல் குறிப்பை வீட்டுப் பேச்சில் எழுதுங்கள். தேர்வுக்கான சொற்களை அதன் பக்கத்தில் சேருங்கள். புரிந்தபின் சொல் மாற்றுவது எளிது.

கடைசியாகப் பெற்றோருக்கு. நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இடதுபுறம் இரண்டு விரல் அகலம் விட்டு, அங்கே கேள்விகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள், விடை வலதுபுறம். தோட்டத்து வேலை முடிந்து வந்தபின் அம்மா நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு கேள்வியைக் கேட்கலாம். பாடம் அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. படிக்கத் தெரியாதவர்கள், பிள்ளையையே கேள்வியை வாசிக்கச் சொல்லி நோட்டை மூடி வைத்துவிட்டு, விடை வந்ததும் "ஏன் அப்படி?" என்று ஒன்று கேட்டால் போதும். பதில் தடுமாறுகிற கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு புள்ளி வைக்கட்டும், நாளைக்கு அதிலிருந்து தொடங்கலாம்.