ஐப்பசி மழைக்கு முன் கூரையிலும் கிணற்றடியிலும் செய்ய வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில்தான் வலுக்கும் என்பதால், செட்டிநாட்டில் மழைநீர் சேகரிப்புக்கான வேலைகளைப் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். முதல் வேலை, ஏணி வைத்துக் கூரையில் ஏறிப் பார்ப்பது.

ஏறுவதற்கு முன் ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர் கிடைக்கும். 1,000 சதுர அடி மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அதில் 10 மி.மீ. மழை பெய்தால் 930 லிட்டர் விழும். தளம் உறிஞ்சுவதும் சிதறுவதும் போக ஐந்தில் நான்கு பங்கு தேறும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மாலை மழையில் 740 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தால் ஐம்பது குடம் அளவுக்குத் தண்ணீர் நம் தலைக்கு மேலேயே வந்து இறங்குகிறது.

நடு முற்றத்தைச் சுற்றிக் கட்டிய பழைய வளவு வீடு வைத்திருப்பவர்களுக்குப் புதிதாகக் கட்ட வேண்டியது அநேகமாக எதுவும் இல்லை. நாட்டு ஓடு வேய்ந்த நான்கு சரிவுகளும் முற்றத்தை நோக்கி இறங்கி, அவை கூடுகின்ற மூலைகளில் தண்ணீர் திரண்டு கொட்டும். அங்கே அண்டாவையோ கங்காளத்தையோ வைத்துப் பிடிப்பது ஆச்சிமார் காலத்து வழக்கம். அந்தக் கூடல்வாய்த் தகரத்தில்தான் வேப்பஞ்சருகும் புறா எச்சமும் சேர்ந்து மண்ணாகி, அதில் அரசங்கன்று முளைத்து நிற்கும். கன்றை மேலோடு ஒடித்தால் மறுபடியும் துளிர்க்கும். இரண்டு மூன்று ஓடுகளைக் கழற்றி வேரோடு எடுத்துவிட்டு, ஓடுகளை மறுபடி அடுக்க வேண்டும். கூடல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்வாங்கி ஓட்டின் அடியிலுள்ள மரச்சட்டத்தில் இறங்கும் என்பதால், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஊருக்கு வந்து போகிறவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் இந்த ஒரு வேலையையாவது தவறாமல் செய்யச் சொல்ல வேண்டும். முற்றத்துச் சலதாரையில் நான்கு வாளித் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால், மழையன்று தண்ணீர் வளவுக்குள் ஏறும்.

மாடி வீடுகளில் முதல் மழையை ஒதுக்குவதுதான் முக்கியம். மாதக்கணக்கில் படிந்த தூசியும் எச்சமும் அதில்தான் கரைந்து வரும். தொட்டிக்குச் செல்லும் பி.வி.சி. குழாயில் ஒரு 'டீ' (T வடிவ இணைப்பு) பொருத்தி, கீழ்நோக்கிய கிளைக்கு மூடி போட்டுவிட்டால், முதல் மழையின்போது மூடியைத் திறந்து வெளியே விட்டு, தண்ணீர் தெளிந்த பிறகு மூடிவிடலாம். 1,000 சதுர அடி மாடிக்கு முதல் 100 லிட்டர் வரை ஒதுக்குவது நல்லது. அதன்பின் வரும் நீரைக் கூழாங்கல், கரி, கழுவிய மணல் ஆகியவற்றை அடுக்கிய சிறு தொட்டியின் வழியாக இறக்க வேண்டும். ஆற்று மணலைக் கழுவாமல் போட்டால் முதல் வாரம் முழுவதும் கலங்கலாகவே வரும்.

சேர்த்த தண்ணீரில் வெயில் பட்டால் பாசி பிடிக்கும். கொசு புகுந்தால் ஒரு வாரத்திற்குள் புழு நெளியும். ஆகவே தொட்டியின் வாயில் வெள்ளை வேட்டித் துணியை இறுகக் கட்டி, அதன்மேல் மூடியும் போட வேண்டும். குடிப்பதற்குக் கொதிக்க வைத்தே பயன்படுத்துக. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பிடித்த நீரைக் குடிக்க வேண்டாம். செடிக்கும் தரைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

நிரம்பி வழிவதைத் தெருவில் விடாமல் கிணற்றுக்குக் கொடுக்க வேண்டும். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது, சட்டத்துக்காகக் குழாயை மண்ணில் செருகிவிட்டுப் போன வீடுகள் உண்டு. எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அதே கதைதான். மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழி ஒழுங்காகவே தோண்டப்பட்டது. ஆனால் அதற்கு முன்னால் மண் படியும் தொட்டி எதற்கு என்று கொத்தனார் சொல்ல, நாங்களும் தலையாட்டிவிட்டோம். இரண்டாவது மழைக்காலத்தில் சருகும் சேறும் குழியை அடைத்து, தண்ணீர் திண்ணைப் படி வரை வந்து நின்றது. குழியைத் தோண்டி எடுத்தபோது மேலே ஒரு சாண் உயரத்துக்குக் களிமண் தோசைக்கல் போல இறுகியிருந்தது. அதன் கீழே கல் எல்லாம் காய்ந்து கிடந்தது.

எனவே கிணற்றுக்கோ குழிக்கோ முன்னால், இரண்டடிச் சதுரத்தில் ஒரு சிறு தொட்டி கட்டி, தண்ணீர் அதில் நின்று, மண் அடியில் படிந்து, மேல்நீர் மட்டும் அடுத்த குழாயில் ஏறிச் செல்லும்படி அமைக்க வேண்டும். உறிஞ்சு குழி 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் இருக்கலாம். உடைந்த செங்கல்லும் கூழாங்கல்லும் நிரப்பி, துளையிட்ட பலகைக்கல்லால் மூட வேண்டும். செப்டிக் டேங்குக்குப் பக்கத்தில் எக்காரணம் கொண்டும் தோண்டக் கூடாது. செம்பூரான் கல் என்னும் செந்நிறப் பாறை மேலாகவே தட்டுப்படும் இடங்களில் மேலும் ஆழமாகத் தோண்டிக் கல்லை உடைத்துப் போராடுவதைவிட, வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டிலுள்ள பழைய கிணற்றையே தூர்வாரி, வடிகட்டிய நீரை அதில் விடுவது சிக்கனம் என்பது என் கருத்து. பலன் தெரிய வேண்டுமானால், கல் கட்டிய கயிற்றைக் கிணற்றில் இறக்கி, கல் தண்ணீரைத் தொடும்போது கிணற்று விளிம்பை ஒட்டிக் கயிற்றில் முடிச்சுப் போடுங்கள். தை மாதம் அதையே மறுபடி செய்து, இரண்டு முடிச்சுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்க்கலாம்.

பிடித்த தண்ணீரைச் செலவழிப்பதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகட்டும். ஆத்தங்குடித் தரையைக் குடம் குடமாக ஊற்றிக் கழுவத் தேவையில்லை, பிழிந்த ஈரத்துணியே போதும். சொட்டும் குழாயின் கீழே 200 மில்லி தம்ளரை வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 144 தம்ளர், ஏறக்குறைய 29 லிட்டர் போகிறது என்று பொருள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷரை மாற்றினாலே அது நின்றுவிடும்.