'பிறகு' வரும் இடத்தைச் சோதியுங்கள்
கதையின் காட்சிகளை ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டு, அடுத்தடுத்த இரு காட்சிகளுக்கு நடுவே 'பிறகு' என்ற சொல் மட்டுமே பொருந்தினால், அங்கே பின்னல் அறுந்திருக்கிறது என்று கொண்டு, 'அதனால்' அல்லது 'ஆனால்' பொருந்தும்வரை திருத்துங்கள். சிலப்பதிகாரத்தில் கோவலன் செல்வத்தை இழந்ததனால்தான் மதுரைக்குச் சென்று கண்ணகியின் சிலம்பை விற்க முற்படுகிறான். ஆனால் அதை அவன் காட்டுவதோ, அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடிவிட்ட பொற்கொல்லனிடம். இது தற்செயல்தானே என்று நீங்கள் கேட்கலாம். தற்செயல் சிக்கலைத் தொடங்கிவைக்கலாம், தீர்த்துவைப்பதுதான் தவறு என்பது என் எண்ணம். ஒருவனுக்குப் பிழைக்க முதல் வேண்டும், மற்றவனுக்குப் பழியைச் சுமத்த ஓர் ஆள் வேண்டும். இரண்டும் ஒரே சிலம்பின்மீது மோதுகின்றன. அரசியின் சிலம்பில் முத்துப் பரல்கள் இருந்ததனால்தான், கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கம் வழக்கை முடிக்கிறது.