பூல் முறையில் பித்தளை பதித்த பலகை செய்யும் விதம்

பாரிஸ் நகரில் 1642-இல் பிறந்து 1732-இல் மறைந்த ஆந்த்ரே-ஷார்ல் பூல், பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனைகளுக்கு மேசைகளும் பேழைகளும் செய்தவர்களில் முதன்மையானவர். 1672-இல் லூவ்ர் அரண்மனையிலேயே அவருக்கு இடம் வழங்கப்பட்டது. பித்தளையையும் ஆமையோட்டையும் சேர்த்து அறுத்துப் பதிக்கும் முறை அவருக்கு முன்பே இத்தாலிய, ஃபிளாந்தர் கைவினைஞர்களிடம் இருந்தது. ஆயினும் அதை அவர் கொண்டுசென்ற உயரத்தின் காரணமாக, இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இந்த வேலையின் மதிப்பு பொருள்களின் விலையைவிட ரம்பத்தின் ஒழுங்கில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே எளிய பொருள்களைக் கொண்டே இதைக் கற்கலாம்.

இரண்டு வேறுபட்ட தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே கோட்டில் அறுத்தால், ஒன்றிலிருந்து வெட்டிய உருவம் மற்றொன்றில் விழுந்த துளையில் அப்படியே பொருந்தும். இதனால் ஒரே அறுப்பில் இரண்டு பலகைகள் கிடைக்கின்றன: ஒன்றில் கருமையான தளத்தில் பித்தளை உருவம், மற்றதில் பித்தளைத் தளத்தில் கரிய உருவம். பூல் இவ்விரண்டையும் பயன்படுத்தி இணை இணையாக அறைகலன்கள் செய்தார். இரண்டாவதைக் கழிவென்று எறிந்துவிடுவது பெரிய இழப்பு.

இந்த வேலைக்கு ஓடு தந்த அழுங்காமை இன்று அழிவின் விளிம்பில் உள்ள உயிரினம். அதன் ஓட்டைப் பன்னாட்டளவில் வணிகம் செய்வது தடைசெய்யப்பட்டுள்ளது. அதற்கு மாற்றாக, முதல் பலகைக்குக் கருஞ்சாயம் ஏற்றிய வெனீர் எனும் மெல்லிய மரத்தகடு போதும். கை பழகிய பின், மெல்லிய மாட்டுக்கொம்புத் தகட்டின் அடியில் சிவப்போ நீலமோ பூசிப் பயன்படுத்தலாம்; வண்ணம் பூசிய கொம்பு பழைய பட்டறைகளிலும் வழக்கத்தில் இருந்ததுதான். பித்தளைத் தகடு அரை மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். வெனீரும் அதே கனத்தில் அமைய வேண்டும்; இல்லையேல் பின்னர் மேற்பரப்பைச் சமப்படுத்தும்போது மரம் தேய்ந்து, அடியில் ஒட்டியிருக்கும் அடிப்பலகை தெரிந்துவிடும்.

வரைபடத்தில் அவசரம் கூடாது. பூல் ஓவியர்களின் வரைபடங்களையும் அச்சுப்படங்களையும் பெரும் வேட்கையோடு சேகரித்தவர். 1720-இல் பட்டறையில் பற்றிய தீயில் அவற்றில் பெரும்பகுதி அழிந்தது. கொடியும் இலையுமாக, கூரிய முனைகள் குறைந்த ஒரு சிறு உருவத்தை, 15 சென்டிமீட்டர் சதுரத்திற்குள் வரைந்துகொள்ளுங்கள்.

பித்தளையையும் வெனீரையும் அடுக்கி, இடையே மெழுகு தடவிய தாளை வையுங்கள். அது அறுக்கும்போது ரம்ப இழைக்கு மசகாகும். மேலும் கீழும் மெல்லிய ப்ளைவுட் வைத்து, ஓரங்களை ஒட்டி, மேலே வரைபடத்தை ஒட்டுங்கள். பொற்கொல்லர் பயன்படுத்தும் வில் ரம்பத்தில் 2/0 எண் கொண்ட மெல்லிய இழையைப் பற்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி, மெல்லிய துளையிட்டு அதன்வழியே செருகுங்கள். இழை அடுக்குக்குச் செங்குத்தாகவே நிற்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் மேல் தகட்டின் உருவம் கீழ்த் தகட்டின் துளையில் அமராது. வளைவுகளில் ரம்பத்தைத் திருப்பாமல் அடுக்கைத் திருப்புங்கள். கை ஒரே இடத்தில் மேலும் கீழும் மட்டுமே செல்லட்டும். அழுத்தினால் இழை அறும். உட்புறத்தின் நுண்ணிய பகுதிகளை முதலில் அறுத்து, வெளிக்கோட்டைக் கடைசியில் அறுப்பதால் அடுக்கு இறுதிவரை தாங்கும். அறுத்த துண்டுகளை வரைபடத்தின் நகல்மீது அவற்றுக்குரிய இடத்திலேயே வைத்துவிட்டால் குழப்பமிராது.

பின்னர் கெட்டித்தாளில், விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப் பசை தடவி, துண்டுகளை முகம் கீழாகப் பொருத்துங்கள். ரம்ப இழை தின்ற மெல்லிய இடைவெளியைக் கரித்தூள் கலந்த பசையால் நிரப்ப வேண்டும்.

ஒட்டுதலில்தான் பலரின் உழைப்பு வீணாகிறது. ஈரத்தைப் பொறுத்து மரம் விரிந்து சுருங்கும். பித்தளையோ ஈரத்தால் மாறாமல் வெப்பத்துக்கு மட்டும் இசையும். இந்த முரண்பாட்டால்தான் அருங்காட்சியகங்களில் உள்ள பழைய பூல் மேசைகளிலும் பித்தளை ஆங்காங்கே மேலெழும்புகிறது. எனவே தகட்டின் பின்புறத்தை உப்புத்தாளால் நன்கு கீறி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பூண்டுப் பல்லைத் தேய்த்துவிடுங்கள். பிடிப்பைக் கூட்டும் பழைய பட்டறை வழக்கம் இது. வச்சிரத்தை இரவு முழுவதும் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் உருக்குங்கள்; கொதித்தால் வலு குன்றும். அதை அடிப்பலகையில் தடவி, தாளில் பொருத்திய துண்டுகளைத் தாள் மேலே இருக்கும்படி அதன்மேல் பதியுங்கள். அடிப்பலகையின் மறுபக்கத்திலும் ஒரு வெனீரை ஒட்டினால் பலகை வளையாது. சூடேற்றிய உலோகத் தகட்டை மேலே வைத்து இறுக்கி, நன்கு உலரும்வரை கிளாம்பைத் தளர்த்தாதீர்கள்.

காகிதத்தை வெதுவெதுப்பான ஈரத்துணியால் அகற்றி, மேற்பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் சமப்படுத்துங்கள். இனி வருவதே பலகைக்கு உயிர் தரும் கட்டம். இலையின் நரம்பு, இதழின் நிழல் ஆகியவற்றைச் செதுக்குளியால் பித்தளையில் கீறி, கரிய மெழுகை நிரப்பித் துடைத்தால், தட்டையாகக் கிடந்த உருவம் திரண்டு தெரியும். அறுப்போடு நிறுத்திக்கொண்டு இதைத் தவிர்ப்பவர்கள் பாதி வேலையில் எழுந்துவிடுகிறார்கள். கடைசியாக அரக்கு மெருகை மெல்லிய படலங்களாக ஏற்றி, பலகையை வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.