அதிகாரம் மிகுந்த மாணவர் பேரவைகள்: கதை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிய மாங்காவிலும் (படக்கதை) அனிமேயிலும் (அசைபடம்) மாணவர் பேரவை என்பது பல சமயம் தலைமையாசிரியரின் அறையைவிடப் பெரிய அதிகார பீடம். அதன் தலைவர் நடந்து வந்தால் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிடும். அவர் ஒரு தாளில் கையெழுத்திட்டால் ஒரு மாணவனின் படிப்பே முடிந்துபோகும். மிகையே இவ்வகைக் கதையின் சுவை என்பதால், நடக்காததை எழுதுகிறார்கள் என்று குறைசொல்வதில் பொருளில்லை. அதிகாரத்தின் அளவைக் காட்டுவதில் மூழ்கி, அது எந்த வழியாக அந்த மாணவர்களின் கைக்கு வந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் இத்தகைய கதைகளைக் கெடுக்கிறது.

இந்த முதல் தவறைப் புரிந்துகொள்ள, மிகைக்கு அடியில் இருக்கும் நிஜத்தைப் பார்ப்பது நல்லது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கல்விச் சீர்திருத்தங்களோடு ஜப்பானியப் பள்ளிகளில் பரவிய மாணவர் பேரவை, மாணவர்களிடம் திரட்டப்படும் சந்தாவை விளையாட்டு, இசை, நாடகம் முதலிய மன்றங்களுக்குப் பங்கிடும் வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரித்து, மாணவர் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலைப் பெறுவது பல பள்ளிகளில் உள்ள வழக்கம். தொகை சிறியதுதான். ஆனால் பேஸ்பால் அணிக்குப் புதுப் பந்து கிடைக்குமா, வாத்தியக் குழுவின் ஊதுகுழல் பழுதுபார்க்கப்படுமா, உறுப்பினர் குறைந்த மன்றத்திடமிருந்து அறை பறிக்கப்படுமா என்ற கேள்விகள் அந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று வைத்துவிட்டால், அதிகாரத்தின் விதை வாசகர் கண்முன் விழுந்துவிடுகிறது. அதன் பிறகு எழுத்தாளர் அதை எவ்வளவு பெரிய மரமாக வளர்த்தாலும் நம்பலாம். 1992இல் தொடங்கிய ‘ஹனா யோரி டாங்கோ’ மாங்காவில் நான்கு மாணவர்கள் பள்ளியையே ஆட்டிவைக்கிறார்கள் என்றால், அவர்களுடைய குடும்பங்கள் பள்ளிக்குக் கொட்டிக்கொடுக்கும் நன்கொடைதான் அதற்குக் காரணம் என்று கதையே சொல்லிவிடுகிறது. அந்த ஒரு காரணம் இல்லையென்றால் அவர்கள் வெறும் முரடர்கள்.

அடுத்த தவறு, பெரியவர்களைக் காணாமல் போகச் செய்வது. மாணவர்களின் அதிகாரம் எப்போதும் இரவல் அதிகாரம். ஆசிரியர் இல்லாத வேளையில் வகுப்பை அடக்கும் மாணவனைச் சட்டாம்பிள்ளை என்று அழைத்த நம் பழைய வழக்கும் இதையே உணர்த்துகிறது. ஆசிரியர் உள்ளே நுழைந்ததும் அவனுடைய ஆட்சி முடிந்துவிடும். இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு, இளையவர்களைக் கட்டுப்படுத்தும் பொறுப்பையும் தண்டிக்கும் உரிமையையும் மேல்வகுப்பு மாணவர்களிடம் ஒப்படைத்தார். அது அவர் அறிந்தே செய்த ஏற்பாடு. ஆகவே, ஆசிரியர்கள் ஏன் வாய்மூடி நிற்கிறார்கள் என்பதற்குக் கதையில் விடை இருக்க வேண்டும். அச்சம் ஒரு விடை, ஆதாயம் இன்னொரு விடை. வேலை குறைகிறதே என்ற நிம்மதி, என் கணிப்பில், இரண்டையும்விட நம்பத்தக்க விடை. அதைப் பயன்படுத்துவோர்தாம் குறைவு.

எல்லையே இல்லாத அதிகாரத்தைப் படைப்பதும் தவறு. ராபர்ட் கார்மியரின் 1974ஆம் ஆண்டு நாவலான ‘தி சாக்லேட் வார்’ இதைத் தவிர்க்க அழகான ஓர் உத்தியைக் கையாள்கிறது. அதில் வரும் இரகசிய மாணவர் குழுவில், பிறருக்குக் கொடிய பணிகளைச் சுமத்துபவன் ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டிக்குள் கைவிட்டு ஒரு கோலியை எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் 6 கோலிகளில் 5 வெள்ளை, 1 கறுப்பு. கறுப்பு வந்துவிட்டால் அந்தப் பணியை அவனே செய்தாக வேண்டும். ஆணையிடும் ஒவ்வொரு தருணத்திலும் ஆணையிடுபவனுக்கும் நெஞ்சு படபடக்கிறது என்பதால், கொடுமைக்காரனின் காட்சியிலும் வாசகர் பதற்றத்தோடு உட்கார்ந்திருக்கிறார். இத்தகைய கறுப்புக் கோலி ஒன்று இல்லாத பேரவைத் தலைவர், எத்தனை அழகான சீருடை அணிந்திருந்தாலும், மூன்றாவது அத்தியாயத்திலேயே சலித்துவிடுவார்.

காலத்தை மறப்பதும் இதோடு சேர்ந்தது. ஜப்பானிய மேல்நிலைப் பள்ளிப் படிப்பு 3 ஆண்டுகள். ஏப்ரலில் தொடங்கும் கல்வியாண்டு மார்ச்சில் முடிகிறது. இறுதியாண்டு மாணவர்களில் பலர் நுழைவுத் தேர்வுக்காகக் கோடைக்காலத்தை ஒட்டியே மன்றப் பணிகளிலிருந்து விலகிவிடுகிறார்கள். எவ்வளவு கொடுங்கோலராக இருந்தாலும் அவருக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. தனக்குப் பின் யார் என்ற கவலை, வாரிசுப் போட்டி, பட்டமளிப்பு நாளில் பதவியோடு பெயரும் போய்விடுமே என்ற ஏக்கம் ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் கதைப்பொருள்கள். அவற்றை விட்டுவிட்டு, என்றென்றும் அரியணையில் இருக்கப்போகும் மன்னரைப் போல ஒரு பதினேழு வயதுப் பெண்ணைச் சித்திரிப்பது வீண்.

நாயகன் ஏன் வேறு பள்ளிக்குப் போய்விடவில்லை என்ற கேள்வியையும் அலட்சியப்படுத்தக் கூடாது. 2002இல் தொடங்கிய ‘ஊரான்’ மாங்காவில், உதவித்தொகையில் படிக்கும் ஹருஹி 80 லட்சம் யென் மதிப்புள்ள பூச்சாடியை உடைத்துவிடுவதால்தான், மாணவிகளை உபசரித்து மகிழ்விக்கும் பணக்கார மாணவர்களின் மன்றத்தில் சிக்குகிறாள். கடனும் உதவித்தொகையும் அவளை இரண்டு பக்கமும் கட்டிப்போட்டுவிட, மீதிக் கதை தானே நகர்கிறது.

கடைசியாக, வீழ்ச்சியை எழுதும்போது நேரும் தவறு. மேடையில் நாயகன் உருக்கமாக ஓர் உரை ஆற்றியதும் பேரவை சரிந்து, மாணவர்கள் ஆரவாரித்து, திரை விழுகிறது. ஆனால் பேரவையைத் தாங்கி நின்றது பணமும் சாவிக்கொத்தும் ஆசிரியர்களின் மௌனமும் என்றால், உரை முடிந்த பிறகும் அவை மூன்றும் அங்கேயே இருக்கும். மறுநாள் காலை வாத்தியக் குழுவின் விண்ணப்பத்தில் யார் கையெழுத்திடுவது என்ற காட்சியையும் எழுத்தாளர் எழுதியாக வேண்டும். பேனாவை நாயகனே எடுக்கிறான் என்றால், அவனுடைய கை நடுங்குகிறதா இல்லையா என்பதையும் சேர்த்து.