டர்பனில் மனநல உதவி: உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த புதிதில் என் தம்பி நான்கு இரவுகள் தூங்காமல் கூடத்திலேயே நடந்துகொண்டிருந்தான். இடம் மாறிய அலுப்பு, தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு வாரத்தைக் கடத்திவிட்டேன். அந்தத் தாமதம் உங்களுக்கு நேர வேண்டாம்.

முதலில் செல்ல வேண்டிய இடம் உங்கள் வட்டாரத்து அரசு கிளினிக்தான். தேவையென்றால் அங்கிருந்தே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஊரில் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். கம்பெனி வைத்த விற்பனைப் பெயர் இங்கே வேறாக இருக்கலாம் என்பதால், அட்டையில் உள்ள மருந்தின் மூலப் பெயரே டாக்டருக்கு உதவும். நான் ஒரு நோட்டில் இடப்பக்கம் தம்பி தூங்கிய நேரத்தையும் வலப்பக்கம் கொடுத்த மாத்திரையையும் குறித்து வைத்திருந்தேன். நான் பேசியதைவிட அந்த இரண்டு பக்கங்களையே டாக்டர் கவனமாகப் படித்தார். 1860 முதல் இங்கு வேரூன்றிய தமிழ்க் குடும்பத்தினரில் பெரும்பாலோர் இன்று ஆங்கிலமே பேசுவதால், மொழிபெயர்க்க ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்தப் பொறுப்பை வீட்டுப் பிள்ளையின் தலையில் சுமத்தாதீர்கள்.

சிகிச்சைக்கு வர மறுப்பவருக்காக, 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, கணவன் அல்லது மனைவி, பெற்றோர், நெருங்கிய உறவினர் போன்றோர் சிகிச்சை அளிக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பிப்பவர் முந்தைய ஏழு நாட்களுக்குள் அவரை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பதால், மதுரையிலிருந்து தொலைபேசியில் பேசும் அண்ணனால் அது முடியாது. உடனிருக்கும் உங்களால்தான் முடியும். அதன்பின் இரு மனநலப் பணியாளர்கள் தனித்தனியே பரிசோதிப்பார்கள். அனுமதிக்கப்பட்டால் 72 மணி நேரம் வைத்துக் கண்காணிப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 10111இல் போலீஸையோ 10177இல் ஆம்புலன்ஸையோ அழையுங்கள். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு சொல்வதால், விசாவை நினைத்துத் தயங்க வேண்டாம்.

மெடிக்கல் எய்ட் எனப்படும் தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரும்போது பழைய நோயை மறைக்காதீர்கள். அந்த நோய்க்கு 12 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மறைத்தது தெரிந்தால் உறுப்பினர் உரிமையையே இழக்க நேரிடும்.

கோயிலில் வேண்டிக்கொள்வதையும் விபூதி பூசுவதையும் நான் தடுக்கமாட்டேன், நாங்களும் செய்தோம். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

சாடாக் (SADAG) என்ற மனநல உதவி அமைப்பின் 0800 567 567 என்ற இலவச எண்ணை, தற்கொலை எண்ணம் தலைகாட்டும்போது இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பார்த்துக்கொள்பவரும் சோர்ந்து போவார் என்பதால், கிளினிக்கில் உங்கள் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். நானும் மனைவியும் இரவைப் பங்கிட்டுக்கொண்டோம்: இரண்டு மணி வரை அவள் விழித்திருப்பாள், அதன்பின் நான்.