பவர் ஏஜென்ட்கிட்ட இருந்து வீடு வாங்குறீங்களா? அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

எங்க மாமா குரோம்பேட்டை பக்கம் ஒரு தனி வீடு பாத்தார். ஓனர் ஒரு வயசான அம்மா, பெங்களூர்ல மக வீட்ல இருக்காங்க, இங்க எல்லாத்தையும் பாத்துக்குறது அவங்க கொழுந்தன் பையன், அவன் பேர்ல பவர் (ஓனருக்கு பதிலா கையெழுத்து போடுற அதிகாரப் பத்திரம்) இருக்கு. பத்திரம் சுத்தம், வில்லங்கம் (சொத்து மேல என்னென்ன பதிவாகியிருக்குன்னு காட்டுற சான்று) சுத்தம், விலையும் அந்த ஏரியாவுக்கு கொஞ்சம் கம்மிதான், அதனால மாமா யோசிக்காம 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துட்டார். அதுக்கப்புறம் தான் அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு கேட்டார், பையன் ஒவ்வொரு தடவையும் பெரியம்மாவுக்கு உடம்பு முடியல, தூங்குறாங்க, காது சரியா கேக்காதுன்னே சொல்லிட்டு இருந்தான். கடைசில பக்கத்து வீட்டு அக்கா தான் சொன்னாங்க, "அந்தம்மா போன ஆடியிலயே தவறிட்டாங்களே, உங்களுக்கு தெரியாதா?"

அந்தப் பையன் எங்களுக்கு காட்டுன உயிர்வாழ் சான்றுல போட்டிருந்த தேதி கார்த்திகை மாசம். டாக்டர் சீல், கையெழுத்து, அந்த அம்மா போட்டோ எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு, நானே கையில வாங்கி பாத்தேன். அட்வான்ஸ் திரும்ப வர 7 மாசம் ஆச்சு. அந்த 7 மாசமும் மாமா சரியா தூங்கல. அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

பவர்ல வர்ற வீடே வாங்கக்கூடாதுன்னு சொல்ல வரல. வெளிநாட்ல இருக்குறவங்க, நடக்க முடியாத வயசானவங்க எல்லாம் பவர் கொடுத்து தான் விக்க முடியும், சட்டப்படி அதுல தப்பே இல்ல. ஆனா ஒரு விஷயம் மனசுல நல்லா பதியணும், நீங்க வீடு வாங்குறது ஏஜென்ட்கிட்ட இல்ல, ஓனர்கிட்ட, ஏஜென்ட் அவருக்கு பதிலா வந்து கையெழுத்து போடுறவர், அவ்வளவுதான். அதனால ஓனர் உயிரோட இருக்காரா, விக்க சம்மதமா, பணம் அவர் கைக்கு போகுதா, இந்த மூணுக்கும் நீங்களே நேரா பதில் தெரிஞ்சுக்காம ஒரு ரூபா கூட கொடுக்காதீங்க.

உயிரோட இருக்காராங்குறது ஏன் முக்கியம்னா, பவர் கொடுத்தவர் இறந்துட்டா அந்த நிமிஷமே பவரும் முடிஞ்சு போச்சு. அப்புறம் ஏஜென்ட் எழுதிக் கொடுக்குற கிரையத்தை வாரிசுங்க கோர்ட்ல போய் கேள்வி கேக்கலாம். 3 பேர் சேந்து கொடுத்த பவர்ல ஒருத்தர் தவறிட்டா அவரோட பங்குக்கு வாரிசுங்க தான் வந்து கையெழுத்து போடணும். பவர் போட்டு 30 நாளுக்கு மேல ஆயிருந்தா பதிவுக்கு ஓனரோட உயிர்வாழ் சான்று கேப்பாங்க, அது சார்பதிவாளர் ஆபீஸுக்கு போதும், உங்களுக்கு போதாது. வீடியோ கால் போடுங்க, போட்டா ஏஜென்ட் போன்ல இருந்து போடாதீங்க, ஓனர் நம்பரை தனியா விசாரிச்சு வாங்கி உங்க போன்ல இருந்து போடுங்க. "அம்மா, உங்க வீட்டை இவ்ளோ ரூபாய்க்கு நான் வாங்குறேன், உங்களுக்கு சம்மதமா"ன்னு விலையைச் சொல்லியே கேளுங்க, ஏன்னா ஏஜென்ட் ஓனர்கிட்ட 60 சொல்லிட்டு உங்ககிட்ட 75 சொல்றதும் நடக்குது. முடிஞ்சா நேர்ல போயே பாத்துட்டு வந்துடுங்க. பெங்களூருக்கு ஒரு ரயில் டிக்கெட் என்ன விலை, நீங்க போடப்போற பணம் என்ன, யோசிச்சுப் பாருங்க.

அடுத்தது பவர் பத்திரம். ஏஜென்ட் கொடுக்குற ஜெராக்ஸை வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க, பவர் பதிவான ஆபீஸ்ல சான்றிட்ட நகல் போட்டு வாங்கி ஒவ்வொரு வரியா படிங்க. விக்குறதுக்கு, ஒப்பந்தம் போடுறதுக்கு, முன்பணம் வாங்குறதுக்கு, கிரையப் பத்திரம் எழுதிக் கொடுத்து பதிவு பண்றதுக்குன்னு தனித்தனியா அதிகாரம் எழுதியிருக்கணும். சில பவர்ல வாடகை வசூல் பண்ண, வரி கட்ட, கேஸ் நடத்த மட்டும் தான் எழுதியிருக்கும், அதை வச்சு வீட்டை விக்க முடியாது. சர்வே நம்பர், அளவு, நாலு எல்லை எல்லாம் மூலப்பத்திரத்தோட ஒத்துப் போகுதா பாருங்க, ஃபிளாட்டுன்னா யுடிஎஸ், அதாவது நிலத்துல உங்களுக்கு வர்ற பிரிக்கப்படாத பங்கு, எவ்ளோன்னும் பாருங்க.

தமிழ்நாட்ல 2012ல பதிவுச் சட்டத்தை திருத்துனதுல இருந்து அசையா சொத்து சம்பந்தப்பட்ட பவரை கட்டாயம் பதிவு பண்ணணும், அதனால புது பவரும் அதோட ரத்தும் வில்லங்கத்துல தெரியும். பழைய பவர் எல்லாம் பதிவு ஆபீஸ்ல 4ஆம் புத்தகம்னு தனியா இருக்குற பதிவேட்டுல போயிருக்கும், அது சாதாரணமா வில்லங்கம் போட்டா வராது. பழைய பவர்னா அது பதிவான ஆபீஸ்லயே போய் ரத்து ஆகியிருக்கான்னு நேர்ல விசாரிங்க. வில்லங்கத்தையும் ஒரு தடவை பாத்தாச்சுன்னு விட்டுடாதீங்க, பத்திரப் பதிவுக்கு முந்தின நாள் மறுபடி ஒரு தடவை போட்டுப் பாருங்க, நடுவுல 20 நாள்ல ரத்துப் பத்திரம் ஒண்ணு வந்து உக்காந்திருக்கலாம்.

ஓனர் வெளிநாட்ல இருந்தா பவர் அங்க இந்திய தூதரகத்துலயோ நோட்டரி முன்னாடியோ கையெழுத்தாகி வரும். வந்து சேந்த 3 மாசத்துக்குள்ள இங்க முத்திரைத் தீர்வை கட்டியிருக்கணும், மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல அட்ஜுடிகேஷன்னு சொல்வாங்க. அது பண்ணியிருக்கான்னு கேட்டு பேப்பரைப் பாருங்க. இன்னொண்ணு, விக்குறவர் என்ஆர்ஐன்னா (வெளிநாட்ல வாழுற இந்தியர்) டிடிஎஸ், அதாவது விலைல இருந்து நீங்க பிடிச்சு கட்ட வேண்டிய வருமான வரி, அந்தக் கணக்கே வேற. இங்க இருக்குறவர்னா 50 லட்சமும் அதுக்கு மேலயும் போனா 1 சதவீதம் பிடிச்சா போதும், என்ஆர்ஐன்னா அந்த 50 லட்சக் கணக்கு கிடையாது, பிடிக்க வேண்டியதும் பல மடங்கு அதிகம். ஏஜென்ட் இங்கயே இருக்காரேன்னு அவரோட பேன் கார்டு நம்பரை வச்சு 1 சதவீதம் கட்டிட்டு வந்தா வருமான வரி நோட்டீஸ் உங்க வீட்டுக்கு தான் வரும். அட்வான்ஸுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டரைப் பாத்துடுங்க.

இப்போ நான் ரொம்ப பயப்படுற வகை ஒண்ணு இருக்கு. ஏஜென்ட் வந்து, "ஓனர்கிட்ட நான் முழுப் பணமும் கொடுத்துட்டேன் சார், செலவு மிச்சம் பண்ண கிரையம் பண்ணாம ஒப்பந்தமும் பவரும் மட்டும் போட்டு வச்சிருக்கேன், இந்த பவரை யாரும் ரத்து பண்ண முடியாது"ன்னு சொல்வார். 2011 அக்டோபர்ல சூரஜ் லேம்ப் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, ஒப்பந்தம், பவர், உயில் இதையெல்லாம் வச்சு சொத்து கைமாறாது, பதிவு பண்ண கிரையப் பத்திரம் தான் கைமாத்தும். அதாவது அவர் இன்னும் ஓனர் ஆகல. ஒப்பந்தச் சட்டத்துல 202ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, ஏஜென்ட்டுக்கு அந்த சொத்துலயே பாத்தியதை இருந்தா பவர் சுலபமா முடியாதுன்னு சொல்லுது, அதைக் காட்டித்தான் பேசுவாங்க. அது பொருந்துமா இல்லையாங்குறது கோர்ட்ல வருஷக்கணக்கா இழுக்குற வழக்கு. இந்த மாதிரி இடத்துல பழைய ஓனரே நேர்ல வந்து கையெழுத்து போட்டாத்தான் வாங்குவேன்னு சொல்லிடுங்க, வரமாட்டார்னா வேற வீடு பாருங்க, எவ்ளோ சல்லிசா கிடைச்சாலும் சரி.

பணம் விஷயத்துல கறாரா இருங்க. அட்வான்ஸ்ல இருந்து கடைசி ரூபா வரைக்கும் ஓனர் பேர்ல இருக்குற பேங்க் கணக்குக்கு தான் போகணும், என்ஆர்ஐன்னா அவர் இந்தியாவுல வச்சிருக்குற என்ஆர்ஓ பேங்க் கணக்குக்கு. ஏஜென்ட் தன் கணக்கு நம்பரைக் கொடுத்தார்னா அங்கயே நிறுத்துங்க. ரொக்கம் வேண்டவே வேண்டாம், அசையா சொத்துக்கு 20,000மும் அதுக்கு மேலயும் ரொக்கமா கைமாத்தக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டமே சொல்லுது.

கிரையப் பத்திரத்துல விக்குறவர் இடத்துல ஓனர் பேர் வரணும், "அவருக்காக அவரது பொது அதிகார முகவர் இன்னார்"னு ஏஜென்ட் பேர் அதுக்கு அடுத்து வரணும், பவரோட பதிவு எண், வருஷம், எந்த ஆபீஸ்னு எல்லாம் எழுதியிருக்கணும். ஓனர் இன்னைக்கு உயிரோட இருக்கார், பவர் ரத்தாகலன்னு ஏஜென்ட் உறுதி கொடுக்குற வரியும் சேக்கச் சொல்லுங்க. வரைவு ரெடியானதும் ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி அவர்கிட்ட இருந்து "படிச்சேன், சம்மதம்"னு பதில் வாங்கி வச்சுக்கோங்க.

மாமா அடுத்த வருஷம் சேலையூர்ல ஒரு வீடு வாங்கினார், அதுவும் பவர்ல வந்தது தான், ஓனர் சிங்கப்பூர். பதிவு நடந்த அன்னைக்கு காலைல 9 மணிக்கு மாமா வீடியோ கால் போட்டு ஓனரை அன்னைக்கு பேப்பரை கையில பிடிச்சுக் காட்டச் சொன்னார், அந்த மனுஷன் கோவப்படாம தமிழ் பேப்பர் ஒண்ணை தேடி எடுத்துட்டு வந்து தேதியைக் காட்டினார். பவரோட சான்றிட்ட நகல், உயிர்வாழ் சான்று, அந்த வீடியோ, பேங்க் ரசீது எல்லாத்தையும் மாமா கிரையப் பத்திரத்தோட ஒரே ஃபைல்ல வச்சிருக்கார். பட்டா மாத்தும்போது அதுல பாதி பேப்பரை திரும்ப எடுக்க வேண்டி வந்துச்சு.