முதல் மொட்டையில் குழந்தை மிரளாமல் இருக்க: வீட்டில் தொடங்கி கோயில் வரை

பழனியிலோ சமயபுரத்திலோ முடி எடுக்கும் கொட்டகைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பல குழந்தைகள் தலையில் கத்தி படுவதற்கு முன்னாலேயே வீறிட்டு அழ ஆரம்பித்துவிடும். ஜில்லென்ற தண்ணீர், முன்பின் தெரியாத ஆளின் கை, பழக்கமில்லாத மடி, சுற்றி நின்று ஒரே நேரத்தில் "அழாதடா கண்ணு" என்று சொல்லும் சொந்தக்காரர்கள் என எல்லாம் சேர்ந்துதான் மிரட்டுகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றை நாம் முன்கூட்டியே சரிசெய்துவிடலாம். முதல் முறையாக மொட்டை போடப் போகிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

1. நாளும் நேரமும்

ஒரு வயது முடிவதற்குள் அல்லது மூன்றாம் வயதில் என்று வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். எந்த வயதானாலும் சரி, தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடிக் கிருத்திகை, ஞாயிற்றுக்கிழமை, பெரிய முகூர்த்த நாள் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டம் இருந்தால் வரிசையில் நிற்பதற்குள்ளேயே குழந்தை சோர்ந்துவிடும், முடி எடுப்பவருக்கும் அவசரம் வந்துவிடும். வார நாளில் காலை நேரம் நல்லது. ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரம் குழந்தை தூங்கும் நேரமாக இருந்தால், வேறு நேரம் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தூக்கம் கலைந்த குழந்தையை எந்த பொம்மையாலும் சமாதானப்படுத்த முடியாது.

பால் அல்லது சாப்பாட்டை முக்கால் மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். வயிறு நிறைந்த உடனே உட்கார வைத்தால், அழுகிற வேகத்தில் வாந்தி எடுத்துவிடும்.

2. ஒரு வாரம் முன்பே தலையைப் பழக்குங்கள்

பலரும் விட்டுவிடுகிற வேலை இதுதான். தினமும் குளிப்பாட்டும்போது ஈரக் கையால் குழந்தையின் தலையை மெதுவாகப் பிடித்து, ஒரு நொடி அசையாமல் வைத்து விடுங்கள். அப்புறம் ஒரு ஸ்பூனின் பின்பக்கத்தை நெற்றியிலிருந்து உச்சி வரை, காதுக்குப் பின்னால், பிடரியில் என்று மெல்ல இழுங்கள். கூடவே வாயால் "சரக், சரக்" என்று சத்தம் கொடுங்கள். கத்தி முடியை வழிக்கும்போது நமக்குக் கேட்பதைவிட அந்தத் தலைக்குரிய குழந்தைக்குச் சத்தம் அதிகமாகக் கேட்கும். அந்தச் சத்தம் ஏற்கெனவே விளையாட்டாகத் தெரிந்திருந்தால் திடுக்கிடாது. காது மடலை மடக்கிப் பிடிப்பதையும் பழக்குங்கள். அங்கேதான் குழந்தைகள் அதிகமாகத் தலையைத் திருப்பும்.

மூன்று வயதுக் குழந்தையிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம். "தண்ணி தொட்டு வைப்பாங்க, சரக்குன்னு சத்தம் கேக்கும், நீ ஆடாம இருந்தா வலிக்காது. முடி மறுபடியும் வளரும்." முடி திரும்ப வளரும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். தன் உடம்பில் ஒரு பகுதி போய்விட்டதாக அந்த வயதில் நினைத்துக்கொள்ளும்.

3. தாய்மாமன் முந்தின நாளே வரட்டும்

மாமன் மடியில் உட்கார வைத்து முடி இறக்குவது நம் வழக்கம். ஆனால் மாமா சென்னையிலோ துபாயிலோ இருந்து, வீடியோ காலில் மட்டும் முகம் காட்டியவராக இருந்தால், குழந்தைக்கு அவர் வெளி ஆள்தான். எட்டு, ஒன்பது மாதத்திலிருந்து புது முகத்தைப் பார்த்துப் பயப்படுவது இயல்பு. முந்தின நாளே அவர் வந்து குழந்தையை மடியில் வைத்துச் சாப்பாடு ஊட்டட்டும், தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கட்டும். சீர் தட்டு எத்தனை என்று பார்ப்பதைவிட இது முக்கியம் என்பது என் எண்ணம்.

அப்பாவும் மொட்டை போடுவதாக வேண்டுதல் இருந்தால் வரிசையைக் கவனியுங்கள். கைக்குழந்தை என்றால் அப்பா கடைசியில் போட்டுக்கொள்ளட்டும். முகம் மாறிப்போன அப்பாவைப் பார்த்தே சில குழந்தைகள் அழும். மூன்று வயதுக் குழந்தை என்றால் அப்பாவுக்கு முதலில். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து வருவதைப் பார்த்தால் பயம் குறையும்.

4. பையில் வைக்க வேண்டியவை

பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பருத்தித் துண்டு இரண்டு, புது பிளேடு, மாற்று உடை, மெல்லிய பருத்தித் தொப்பி, தேங்காய் எண்ணெய். புதுப் பட்டுச் சட்டையைக் குளித்த பிறகு போடுங்கள். முடி எடுக்கும்போது சட்டை இல்லாமல் துண்டைச் சுற்றி வைத்தால் போதும். கழுத்துக்குள் இறங்கும் குட்டி முடி குத்துவதே பாதி அழுகைக்குக் காரணம்.

5. முடி எடுப்பவரிடம் முதலில் பேசுங்கள்

இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டால் போதும். உட்காருவதற்கு முன், "அண்ணே, குழந்தைக்கு இதுதான் முதல் முடி. புது பிளேடு போட்டுக்குங்க, நாங்க வெந்நீர் கொண்டு வந்திருக்கோம்" என்று சொல்லுங்கள். பிளேடு உங்கள் கண் எதிரே மாற்றப்பட வேண்டும். பழைய பிளேடில் ஒட்டியிருக்கும் ரத்தத்தால் ஹெபடைடிஸ் பி, சி போன்றவை பரவும். இதைக் கேட்டால் அவர் தப்பாக நினைக்கமாட்டார்.

உச்சிக்குழி இன்னும் மூடவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் மூடும், சில குழந்தைகளுக்கு இரண்டு வயது வரை ஆகும். அந்த இடத்தில் அழுத்தாமல் எடுக்க அவருக்குத் தெரியும்.

6. உட்காருவதும் பிடிப்பதும்

மாமா சம்மணம் போட்டு உட்காரட்டும். குழந்தையின் முதுகு அவர் நெஞ்சில் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு கையைக் குழந்தையின் இரண்டு கைகளுக்கும் மேலாக, இறுக்காமல் அணைத்தபடி வைக்கட்டும். தலையை அவர் பிடிக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு பக்கம் தலையைப் பிடித்தால் குழந்தை திமிறும், முடி எடுப்பவருக்கும் கை ஓடாது. அனுபவமுள்ளவர் வேலை செய்வதைக் கவனியுங்கள். உள்ளங்கையால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முடி ஊறும் வரை தேய்ப்பார், இடது கையின் விரல்களால் தோலை லேசாக இழுத்துப் பிடிப்பார், கத்தியைச் சிறு சிறு இழுப்பாகவே இழுப்பார். குழந்தை தலையைத் திருப்பினால் அவர் கையும் தலையோடு திரும்பும். முடி நன்றாக ஊறாவிட்டால்தான் இழுக்கும், எரியும். "இன்னும் கொஞ்சம் தண்ணி தொட்டுக்கலாமா அண்ணே" என்று கேட்பதில் தவறில்லை.

அம்மா எதிரே, குழந்தையின் கண் மட்டத்தில் உட்கார வேண்டும். பேசுவது ஒருவர் மட்டும். மற்ற சொந்தங்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வேடிக்கை காட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. பலூன், சோப்புக் குமிழி, கிலுகிலுப்பை எல்லாம் தலையை அங்குமிங்கும் திருப்ப வைக்கும். கை தட்டுகிற, சாய்ந்தாடுகிற பாட்டும் வேண்டாம். கைக்கு வேலை கொடுங்கள், தலை தானாகவே அசையாமல் இருக்கும். மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா, ஜிப் வைத்த பை, ஈரத் துணி ஆகியவை நல்லது. மூன்று வயதுக் குழந்தைக்கு விரல் நுனியில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால், அதைப் பிய்த்து அடுத்த விரலில் ஒட்டிக்கொண்டே இருக்கும். போன் காட்டுவதானால் ஏற்கெனவே பிடித்த வீடியோவைப் போடுங்கள். பிடரி எடுக்கும்போது போனை மடி அருகே தாழ்த்தினால் தலை குனியும், முன்நெற்றிக்கு வரும்போது கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள்.

வாயில் எதையும் கொடுக்காதீர்கள். மென்றால் தலை ஆடும். அழும்போது பொரியோ கடலையோ முறுக்கோ மூச்சுக்குழாயில் போய்விடும் ஆபத்தும் உண்டு.

7. அழுதால்

கொஞ்சம் அழத்தான் செய்யும். ஆனால் உடம்பை வில்லாக வளைத்துத் திமிறினால் கத்தியைத் தலையிலிருந்து விலக்கி, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். அம்மா தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போய் இரண்டு நிமிடம் நடக்கட்டும். "பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போயிடுவான்" போன்ற மிரட்டல் வேண்டவே வேண்டாம். திரும்ப வந்தும் அடங்கவில்லை என்றால் பூமுடி கொடுத்துவிடலாம். மூன்று கொத்து முடியை மட்டும் கத்தரித்துக் காணிக்கையாகச் செலுத்தும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. பெரியவர்களிடம் இதை வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய் வாக்குவாதம் வராது.

8. முடித்த பிறகு

உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்து, காது மடிப்பு எல்லாம் கழுவி, அம்மா பால் கொடுக்கட்டும். சந்தனம் வீட்டில் கல்லில் இழைத்ததாக இருந்தால் நல்லது. வாசனை சேர்த்த பொடி சில குழந்தைகளுக்குத் தடிப்பை உண்டாக்கும். எங்காவது கீறியிருந்தால் அந்த இடத்தில் சந்தனம் பூசாதீர்கள். தலையில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் சின்னக் கீறலுக்கே நிறைய ரத்தம் வருவதுபோல் தெரியும். சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடமாகியும் நிற்கவில்லை என்றாலோ, வெட்டு ஆழமாக இருந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள், தடுப்பூசி அட்டையையும் கொண்டு போங்கள்.

அதே நாளில் காதுகுத்தும் இருந்தால் மொட்டைக்கும் அதற்கும் நடுவில் ஒரு தூக்கம் போட விடுங்கள். நல்ல நேரம் இடம் கொடுக்கவில்லை என்றால் காதுகுத்தை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கலாம்.

மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்று சொல்வார்கள். வேர் தோலுக்குள் இருப்பதால் கத்தி அதை ஒன்றும் செய்வதில்லை. வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் தடவும்போது அப்படித் தோன்றும், அவ்வளவுதான். அதற்காக இரண்டாவது, மூன்றாவது மொட்டை என்று குழந்தையை மறுபடி உட்கார வைக்க வேண்டியதில்லை. வெயிலில் தூக்கிப் போகும்போது மட்டும் தொப்பியை மறக்காமல் போடுங்கள்.